முந்திரிப் பழச்சாறு ஏன் மை மாதிரி கறுக்கிறது?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் செம்மண்ணில் 2 ஏக்கர் முந்திரி இருக்கிறது. கொட்டையைத் திருகி எடுத்துவிட்டுப் பழத்தைக் குப்பையில்தான் போடுகிறோம். எங்கள் ஐயா பர்மாவிலிருந்து கொண்டுவந்த வார்ப்பிரும்புத் திருகு பிரஸ் ஒன்று கிடக்கிறது. அதில் பிழிந்து பார்த்தேன். சாறு கறுத்துப் போச்சு, குடித்தால் தொண்டையைப் பிடிக்கிறது. நல்ல சாறாக எடுத்தால் வீட்டிலேயே ஒயின் போடலாமா?

பதில்: ஆச்சி, பழத்தில் குற்றமில்லை, உங்கள் பிரஸ்தான் மை காய்ச்சியிருக்கிறது. அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்துத்தான் மை செய்தார்கள். கடுக்காயின் துவர்ப்புச் சத்தோடு இரும்பு சேர்ந்தால் கறுப்பு. அதே துவர்ப்பு முந்திரிப் பழத்திலும் உண்டு. சந்தேகமாக இருந்தால் ஒரு டம்ளர் சாற்றில் துருப்பிடித்த ஆணி ஒன்றைப் போட்டுப் பாருங்கள், ஆணியைச் சுற்றி முதலில் நிறம் மாறும்.

ஐயாவின் பிரஸைக் கடைக்குப் போட வேண்டாம். பழைய பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, அழுத்தும் தட்டையும் சாறு விழும் தாம்பாளத்தையும் எவர்சில்வரில் செய்துகொள்ளுங்கள். திருகுத் தண்டு கூடையின் நடுவே இறங்கும் வகையென்றால் அதற்கும் எவர்சில்வர் உறை போட வேண்டும். மரச்சட்டக் கூடை அப்படியே இருக்கட்டும். மரைக்கு வண்டி கிரீஸ் வேண்டாம், கடலை எண்ணெய் போதும்.

அன்று உதிர்ந்த பழத்தை அன்றே கழுவி, நறுக்கி, வெள்ளை வேட்டித் துணியில் பொதிந்து வையுங்கள். அரைச் சுற்று திருகி நிறுத்துங்கள், சாறு ஓடி ஓயட்டும், பிறகு அடுத்த அரைச் சுற்று. ஒரே மூச்சில் இறுக்கினால் துணி கிழியும், சக்கையும் சேர்ந்து வரும். கடைசிச் சொட்டு வரை பிழிய ஆசைப்படாதீர்கள், துவர்ப்பெல்லாம் அதில்தான். 10 கிலோ பழத்துக்கு 6 லிட்டர் வந்தால் நிறுத்திவிடலாம்.

தொண்டைப் பிடிப்புக்கு ஜவ்வரிசி. லிட்டருக்கு 5 கிராம் பொடித்து, கொஞ்சம் தண்ணீரில் கூழாகக் காய்ச்சி, நன்றாக ஆறியபின் சாற்றில் கலக்குங்கள். 12 மணி நேரத்தில் துவர்ப்பு கசடாக அடியில் தங்கும். கலக்காமல் மேல்தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். வடிகஞ்சியும் செய்யும், ஆனால் கறுப்புக் கவுனி அரிசிக் கஞ்சி வேண்டாம், சாறு மறுபடி நிறம் மாறினால் என்னைத் திட்டுவீர்கள்!

ஒயின் விஷயம்: 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் உரிமமில்லாமல் மது தயாரிப்பது குற்றம், வீட்டுக்கு மட்டும் என்றாலும். கோவாவில் இதே பழத்தில் ஃபெனி என்ற சாராயம் காய்ச்சுகிறார்களே என்றால், அங்கே சட்டம் வேறு. நீங்கள் போடாவிட்டாலும் சித்திரை வெயிலில் சாறு தானாகவே நுரைக்கத் தொடங்கும். அதனால் தெளிந்த சாற்றைக் கொதிக்க விடாமல் 85 டிகிரி வரை சூடேற்றி, கொதிநீரில் கழுவிய கண்ணாடிப் பாட்டிலில் சூட்டோடு நிரப்பி மூடுங்கள். சக்கையை அன்றன்றே வெயிலில் காயவைத்து மாட்டுக்கு வையுங்கள். புளித்த சக்கையைத் தொட்டியில் போடாதீர்கள்.