டெபியன் 13 க்கு ஏற்றியதும் மெயில் நின்றுவிட்டது

கேள்வி: அண்ணா, கல்முனையில் ஒரு அரிசி ஆலைக் கந்தோரில் 14 பேருக்கு நான்தான் மெயில் சர்வர் பார்க்கிறேன். வெள்ளி இரவு அதன் இயங்குதளமான டெபியனை 12 இலிருந்து 13 க்கு ஏற்றினேன். பழைய கான்ஃபிக் (அமைப்பு) கோப்புகளை வைத்திருக்கவா என்று கேட்டது, ஓம் என்றேன். இப்போது ஆட்களுக்கு மெயில் பெட்டியைத் திறந்து காட்டும் டவ்கொட் எழும்பவே இல்லை, மெயில் வரவும் இல்லை, அனுப்பவும் முடியவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடவா?
- வாசகர், கல்முனை

பதில்: வேண்டாம் தம்பி, ஒன்றையும் அழிக்காதீர்கள். மெயில்கள் டிஸ்கில் அப்படியேதான் இருக்கின்றன. டெபியன் 13 இல் வருவது டவ்கொட் 2.4, அதற்கு டெபியன் 12 இல் இருந்த 2.3 இன் கான்ஃபிக் விளங்காது. அனுப்ப முடியாததற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம், பாஸ்வேர்ட் சரியா என்று, மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ் டவ்கொட்டிடம்தான் கேட்கும்.

முதலில் மெயில் ஃபோல்டரையும் பழைய கான்ஃபிக்கையும் வேறு இடத்தில் கொப்பி எடுங்கள். பிறகு ‘டவ்கான்ஃப் -என்’ கொடுத்தால் எந்த வரி பிழை என்று சொல்லும், ஆனால் ஒரு தடவைக்கு ஒரு பிழையைத்தான் சொல்லும், அதனால் பழையதை ஒட்டுப்போட்டுக்கொண்டே போகாமல் 2.4 க்கான புதிய கோப்பில் உங்கள் விபரங்களை எழுதுவதுதான் லேசு. முதல் வரியில் கான்ஃபிக் வெர்ஷன் கட்டாயம் வேண்டும். தொடர்பைப் பூட்டிப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ், சாவி இரண்டுக்கும் பெயர் மாறிவிட்டது, பாதைக்கு முன்னால் போட்ட ‘<’ குறியும் இனி இல்லை.

அப்புறம் மெயில்கள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் மெயில் லொகேஷன் வரி. இதில் நானும் ஒரு இரவு முழுக்க முழித்திருக்கிறேன். அது இப்போது மெயில் டிரைவர், மெயில் பாத் என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது, ஆட்களின் பெயருக்கும் டொமைனுக்கும் சதவீதக் குறியோடு போட்ட ஒற்றை எழுத்துகளும் போய், அடைப்புக்குள் முழுச்சொல் வருகிறது. பாதையில் சின்னப் பிழை இருந்தாலும் டவ்கொட் எழும்பிவிடும், ஆனால் அந்தப் பிழையான இடத்தில் புதிதாக ஒரு வெறும் பெட்டியைத் திறந்து காட்டும், கந்தோரில் எல்லாரும் மெயில் அழிந்துவிட்டது என்று பதறிப்போவார்கள். அதனால் முதலில் உங்கள் கணக்கு ஒன்றில் மட்டும் திறந்து, பழைய மெயில் தெரிகிறதா என்று வடிவாகப் பார்த்த பிறகு மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்.

இடையில் வந்த மெயில்களுக்குப் பயப்பட வேண்டாம். போஸ்ட்ஃபிக்ஸ் வாங்கியவற்றை, அமைப்பை நீங்கள் மாற்றியிராவிட்டால், 5 நாள் வரிசையில் வைத்திருக்கும். வாங்காதவற்றை அனுப்பியவரின் சர்வரும் பொதுவாக 4, 5 நாள் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். வெள்ளி இரவிலிருந்து நாள் எண்ணிக்கொள்ளுங்கள். டவ்கொட் எழும்பியதும் ‘போஸ்ட்கியூ -எஃப்’ கொடுங்கள், வரிசையில் நின்றவை இறங்கத் தொடங்கும்.