எழுபது லிங்க்கும் ஒரு பாடமும்

அன்புள்ள சார்,

அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் கடைசி வருடம் படிக்கிறேன். பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ்வழி. டேட்டா சயின்ஸ் பக்கம் போக ஆசை, ஆனால் கோச்சிங் கட்டணம் கட்ட வீட்டில் வசதி இல்லை. நெட்டில் இலவசமாக என்ன இருக்கிறது என்று தேடித்தேடி போனில் எழுபது லிங்க்குக்கு மேல் சேர்ந்துவிட்டது. எதிலும் மூன்றாவது வீடியோவைத் தாண்டவில்லை. ஆங்கிலமும் இடிக்கிறது. நல்ல பட்டியல் ஒன்று தர முடியுமா? சான்றிதழ் இல்லாமல் படித்தால் பயன் உண்டா? டவுன்லோட் செய்ததை நண்பர்களுக்குக் கொடுப்பது தப்பா?

ஒரு வாசகர், தர்மபுரி மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

பட்டியல் தரப்போவதில்லை. உங்களிடம் இருப்பதே அதிகம். ஒரே ஒரு பாடத்தைச் சொல்கிறேன், அதை முடிக்கும்வரை மற்ற லிங்க்குகளைத் திறக்காதீர்கள்: லீனியர் அல்ஜீப்ரா. நீங்கள் போக நினைக்கிற துறையில் எதைத் தொட்டாலும் கடைசியில் இந்தப் பாடம் பேசுகிற அணிகளில்தான் (மேட்ரிக்ஸ், எண்களை வரிசை வரிசையாக அடுக்கிய கட்டம்) வந்து நிற்கும், கணித மாணவரான உங்களுக்கு அதில் கொஞ்சம் ஏற்கெனவே தெரியும் என்பதால் தொடக்கத்திலேயே மிரண்டுபோகவும் மாட்டீர்கள்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் பாடங்களை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2001இல் அறிவித்தது. ஓப்பன்கோர்ஸ்வேர் என்று தேடினால் கிடைக்கும். பதிவு செய்யவே தேவையில்லை. அதில் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய வகுப்புகள் இருக்கின்றன. அறுபது வருடத்துக்கு மேல் அங்கே பாடம் எடுத்து 2023இல் ஓய்வுபெற்றவர். இந்த வீடியோக்கள் 1999இல் எடுத்தவை, கரும்பலகையும் சாக்பீஸும் அவரும் மட்டும்தான், அதனால் குறைந்த தெளிவில் வைத்துப் பார்த்தாலும் ஒன்றும் குறையாது, டேட்டாவும் மிச்சம்.

முதல் வகுப்பில் அவர் செய்வதைப் பாருங்கள். இரண்டு சமன்பாடு, தெரியாத எண்கள் இரண்டு: 2x − y = 0, −x + 2y = 3. நாம் பள்ளியில் இரண்டு கோடு வரைந்து அவை வெட்டிக்கொள்ளும் புள்ளியைக் கண்டுபிடிப்போம். அவர் அதையும் வரைந்துவிட்டு, அதே கணக்கை நிரல் நிரலாக, அதாவது மேலிருந்து கீழாகப் பார்க்கச் சொல்கிறார்: x-உடன் இருக்கும் எண்கள் (2, −1) என்று ஒரு வெக்டர் (அம்புக்குறியாக வரையக்கூடிய எண் ஜோடி), y-உடன் இருப்பவை (−1, 2) என்று இன்னொன்று, இரண்டையும் எத்தனை மடங்கு எடுத்துக் கூட்டினால் (0, 3) வரும்? முதலாவது ஒரு மடங்கு, அடுத்தது இரண்டு மடங்கு. விடை அதேதான், ஆனால் இப்படிப் பார்க்கப் பழகியவருக்குத் தெரியாத எண் இரண்டு என்பது இருநூறு ஆனாலும் பயமில்லை, ஏனென்றால் கோடு வரைகிற வேலையே இல்லை. தாளில் அம்புக்குறி போட்டு நீங்களே ஒருமுறை கூட்டிப் பாருங்கள், அப்புறம் அந்தப் பாடத்தை விட மனசு வராது.

ஆனால் அந்தத் தளத்தில் எனக்கு வீடியோவைவிடப் பெரிதாகத் தெரிவது பயிற்சிக் கணக்குகளும் பழைய தேர்வுத்தாள்களும் அவற்றின் விடைகளும்தான். எல்லாரும் வீடியோவோடு நின்றுவிடுகிறார்கள், நீங்களும் அங்கேதான் நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பார்க்கும்போது எல்லாம் புரிகிற மாதிரிதான் இருக்கும். 2006இல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. ஒரு குழு ஒரு பகுதியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. இதில் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியதும் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான். அதனால் ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்ததைத் தொடாதீர்கள். நோட்டை எடுத்து, அந்த வகுப்புக்கான கணக்குகளைப் போடுங்கள். வரவில்லையென்றால் அரைமணி நேரம் மல்லுக்கட்டுங்கள், அதற்கப்புறம் விடையைப் பாருங்கள், மறுநாள் அதே கணக்கை விடை பார்க்காமல் போடுங்கள். வாரத்துக்கு இரண்டு வகுப்பு போதும்.

ஆங்கிலம் இடிப்பதற்கு ஒரு வழி நம் கையிலேயே இருக்கிறது. தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் தமிழ்வழி, ஆங்கிலவழி இரண்டுமே இலவச பி.டி.எஃப். ஆகக் கிடைக்கின்றன. 12ஆம் வகுப்புக் கணிதத்தின் முதல் பாடமே அணிகள், அணிக்கோவைகளின் பயன்பாடுதான். இரண்டு புத்தகத்திலும் அந்தப் பாடத்தைத் திறந்து அருகருகே வைத்துப் படியுங்கள், தெரிந்த கணக்கையே ஆங்கிலத்தில் எப்படிச் சொல்கிறார்கள் என்பது ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும். கணித ஆங்கிலம் சின்னது, அதே சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். பேச்சு வேகமாகப் போனால் அந்தத் தளத்திலேயே எழுத்து வடிவம் இருக்கிறது, முதலில் அதைப் படித்துவிட்டு வீடியோவுக்கு வாருங்கள். கம்ப்யூட்டர் பழக ஐ.ஐ.டி. பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியலில் லினக்ஸ், லிப்ரே ஆபிஸ் பாடங்கள் தமிழ்க் குரலிலேயே இருக்கின்றன.

சான்றிதழ் விஷயம். எம்.ஐ.டி. தளம் தராது. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது ஏதாவது காட்ட வேண்டும் என்றால் என்பிடெல் இருக்கிறது, ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யும் சேர்ந்து நெட்டில் நடத்துகிற பாடங்கள். சேர்வதும் பார்ப்பதும் வாராந்தரப் பயிற்சியும் இலவசம், மையத்துக்குப் போய் எழுதுகிற தேர்வுக்கு மட்டும் கட்டணம். பயிற்சிக்கு 25, தேர்வுக்கு 75 என்று மதிப்பெண் போடுகிறார்கள். முதலில் படியுங்கள். தேர்வு எழுதலாம் என்ற தைரியம் வந்த பிறகு பணம் கட்டலாம். சான்றிதழுக்காகவே ஒன்றில் சேர்ந்து விடைகளை எங்கிருந்தோ எடுத்து எழுதுவதால் உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, நேர்முகத் தேர்வில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

நண்பர்களுக்குக் கொடுப்பது தப்பே இல்லை. ஓப்பன்கோர்ஸ்வேர் பாடங்களை மூலத்தைக் குறிப்பிட்டு, காசு பண்ணும் நோக்கம் இல்லாமல் பிரதியெடுத்துத் தரலாம், மொழிபெயர்க்கவும் செய்யலாம், அதையும் அதே நிபந்தனையில்தான் பிறருக்குத் தர வேண்டும் என்பது மட்டும் அவர்கள் கேட்பது. பென்டிரைவில் போட்டுக் கொடுங்கள். கொடுக்கும்போதே அவர்களில் ஒருவரையாவது, கணக்குகளைச் சேர்ந்து போடலாம் வா என்று கூப்பிடுங்கள். வகுப்பு முடிந்து இருவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும், மாட்டிக்கொள்கிற இடத்தில் கேட்க ஆள் வேண்டும், இந்தத் தளங்கள் எதுவும் அதைத் தருவதில்லை.