மார்வெல் படங்களை எந்த வரிசையில் பார்ப்பது?

வெளியான வரிசையிலா, கதை நடக்கும் கால வரிசையிலா என்று கேட்டிருக்கிறீர்கள். முதன்முறை பார்ப்பவர் என்றால் தயங்காமல் வெளியான வரிசையையே பிடித்துக்கொள்ளுங்கள்: 2008-இன் 'அயர்ன் மேன்' தொடங்கி 2019-இன் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' வரை.

'கேப்டன் மார்வெல்' கதை 1995-இல் நடக்கிறது. படம் வந்ததோ 2019-இல். கால வரிசைக்காரர்கள் அதை இரண்டாவதாகவே போட்டுவிடுவார்கள். அங்கேதான் இழப்பு. 2018-இன் 'இன்ஃபினிட்டி வார்' முடிவில் முன்னாள் உளவுத் தலைவர் நிக் ஃபியூரி ஒரு பழைய பேஜரை அழுத்துகிறார். தரையில் கிடக்கும் அதன் சிறு திரையில் நட்சத்திரச் சின்னம் ஒன்று ஒளிர்கிறது. 'கேப்டன் மார்வெல்' படத்தை முன்பே பார்த்தவருக்கு அது யாருடைய சின்னம் என்று தெரிந்துவிடும். யாரை அழைக்கிறார் என்று தெரியாமல் தவிக்கும் அந்தக் கணத்தை இழந்துவிடாதீர்கள். போதாக்குறைக்கு, 'கேப்டன் மார்வெல்' பெயர்ப் பட்டியலின் நடுவே வரும் காட்சி 'இன்ஃபினிட்டி வாரு'க்குப் பிந்தையது. முன்கூட்டியே பார்த்தால் பெரிய முடிச்சே அவிழ்ந்துவிடும்.

ஒரே ஒரு விலக்கு சொல்வேன். 2021-இல் வந்த 'பிளாக் விடோ'வை 2016-இன் 'சிவில் வார்' முடிந்ததும் பார்க்கலாம்; கதை அங்கேதான் பொருந்துகிறது. ஆனால் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். கடைசிக் காட்சியை 'எண்ட்கேமு'க்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.