பம்ப்தான் பழுதா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னுடைய பெட்ரோல் கார் காலையில் ஸ்டார்ட்டரை நெடுநேரம் சுழற்றிய பிறகே கிளம்புகிறது, மேட்டில் ஏறும்போது இழுவை குறைகிறது. சில நேரங்களில் வழியிலேயே நின்று, சற்று நேரம் கழித்து ஒன்றும் நடவாததுபோலக் கிளம்புகிறது. எரிபொருள் பம்பை மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார். மாற்றுவதற்கு முன், பம்ப்தான் பழுதா என்று வீட்டிலேயே அறிய வழியுண்டா?

பதில்: வழியுண்டு. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பம்பின்மேல் சந்தேகம் கொள்ளவைப்பவைதாம். ஆனால் அவை ஒவ்வொன்றுக்கும் வேறு காரணமும் இருக்கலாம். டேங்குக்குள் இருக்கும் பம்பை மாற்றுவது செலவும் உழைப்பும் மிகுந்த வேலை. ஆகவே, மின்சாரம் பம்பைச் சென்றடைகிறதா, அப்படிச் சென்றடைந்தால் பம்ப் போதிய அழுத்தத்தைத் தருகிறதா என்ற இரண்டுக்கும் விடை கிடைக்கும்வரை புதிய பம்புக்குச் சம்மதிக்காதீர்கள்.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய இடத்தில் தரையோடு தங்கி, ஒரு சிறு பொறிக்குக்கூடப் பற்றிக்கொள்ளும். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, தீயணைப்பானை எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் வாடை பலமாக வந்தாலோ எங்கேனும் ஈரம் தெரிந்தாலோ சோதனையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பேட்டரியிலிருந்து நேரடியாக வயர் இழுத்துப் பம்பை ஓட்டிப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதை வீட்டில் ஒருபோதும் செய்யக் கூடாது.

முதற்சோதனைக்குக் காது போதும். ஒருவர் பின் இருக்கையருகே காதை வைத்திருக்க, மற்றவர் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை 'ஆன்' நிலைக்கு மட்டும் திருப்ப வேண்டும். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பம்ப் இரண்டு மூன்று வினாடிகள் மெல்லிய ரீங்காரத்தோடு ஓடி, குழாயில் அழுத்தத்தை ஏற்றிவிட்டுத் தானாக நிற்கும். உங்கள் வண்டியின் கோளாறு விட்டுவிட்டு வருவதால், வண்டி கிளம்ப மறுக்கும் அந்த வேளையிலேயே இதைச் செய்தால்தான் பயன் உண்டு. நன்றாக ஓடும் வேளையில் கேட்கும் ரீங்காரம் எதையும் நிரூபிக்காது.

ஓசை வராவிட்டால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். எரிந்துபோயிருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ளதையே போட வேண்டும். மீண்டும் எரிந்தால் வயரிங்கிலோ பம்பிலோ கோளாறு இருக்கிறது என்று பொருள். அடுத்தது ரிலே, அதாவது பம்புக்குச் செல்லும் மின்சாரத்தைத் திறந்து மூடும் மின்சுவிட்ச். ஃபியூஸ் பெட்டியில் அதே எண் அச்சிட்ட வேறொரு ரிலே, பெரும்பாலும் ஹாரனுக்குரியது, இருக்குமானால் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். ரீங்காரம் திரும்பினால் ரிலேயை மட்டும் மாற்றினால் போதும். மோதலின்போது பம்பை நிறுத்தும் பாதுகாப்பு சுவிட்ச் சில கார்களில் உண்டு. ஒரு பெரும் பள்ளத்தில் விழுந்தாலே அது துண்டித்துக்கொள்ளலாம்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் பம்போடு வயர் சேரும் கனெக்டரைப் பார்க்க வேண்டும். பல கார்களில் பின் இருக்கையைத் தூக்கினால் ஒரு மூடியின் அடியில் அது தெரியும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுக் கனெக்டரைப் பிரித்து முனைகளை உற்றுப் பாருங்கள்: பிளாஸ்டிக் பழுப்பேறியோ உருகியோ, ஊசிகள் கறுத்தோ இருந்தால், ஓடும்போது சூடேறித் தொடர்பு விட்டுப்போவதும், ஆறியபின் மீண்டும் பிடித்துக்கொள்வதும் அங்கேதான் நடக்கிறது. முனைகள் சுத்தமாக இருந்தால் எல்லாவற்றையும் மீண்டும் இணைத்து, ஸ்டார்ட்டர் சுழலும்போது மல்டிமீட்டரால் கனெக்டரின் பின்புறத்தில் அளந்து பாருங்கள். பேட்டரி முனைகளில் அதே நேரத்தில் காணும் அளவைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால், வயரிங்கையோ எர்த் இணைப்பையோ சரிசெய்ய வேண்டுமே தவிர, பம்பை அல்ல. பம்பின் வேகத்தை இன்ஜினின் கணினியே கூட்டிக் குறைக்கும் புதிய கார்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. மின்சாரம் முழுமையாக வந்தும் பம்ப் ஓடவில்லை என்றால், மெக்கானிக் சொன்னது சரி.

வழியில் நின்று, ஆறியபின் கிளம்புவதற்கு, இன்ஜின் சுழல்வதைக் கணினிக்குத் தெரிவிக்கும் கிராங்க் சென்சாரும் காரணமாகலாம். அதன் சமிக்ஞை இல்லாவிட்டால், முதலில் கேட்கும் அந்தச் சில வினாடி ரீங்காரத்துக்குப் பின் கணினி பம்பை ஓட விடாது. ஸ்டார்ட்டர் சுழலும்போது ஆர்பிஎம் முள் சற்றும் அசையாவிட்டால் அந்தச் சென்சாரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

காலை நேரத் தாமதத்துக்குத் தனிச் சோதனை ஒன்று உண்டு. சாவியை 'ஆன்' செய்து, ரீங்காரம் நின்றதும் அணைத்து, இப்படி மூன்று முறை செய்தபின் ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்துக்கொண்டால் இரவில் குழாயின் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று பொருள். பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வோ, அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரோ, இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் கசிவதோ அதற்குக் காரணமாகலாம்.

மேட்டில் இழுவை குறைவதற்கு அழுத்தமானிதான் சரியான விடை தரும். சாதாரண இன்ஜெக்டர் கார்கள் பலவற்றில் அழுத்தம் ஏறத்தாழ 3 முதல் 4 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை இருக்கும். உங்கள் காருக்குரிய அளவைச் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். ஐடிலில் சரியாக இருந்து, சுமையேறும்போது இறங்கினால் ஃபில்டர் அடைத்திருக்கலாம், பம்பும் தளர்ந்திருக்கலாம். ஃபில்டர் டேங்குக்கு வெளியே இருந்தால் முதலில் அதையே மாற்றுங்கள். எரிபொருள் குழாயில் சோதனை வால்வு இல்லாத கார்களில் குழாயைப் பிரிக்க வேண்டியிருக்கும் என்பதால், இந்த ஒரு சோதனையை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, அளவை உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் அதற்குத் தயங்கமாட்டார்.

கேள்வி: டேங்கில் எப்போதும் குறைவாகவே பெட்ரோல் வைத்து ஓட்டினால் பம்ப் கெடும் என்பது உண்மையா?

பதில்: உண்மை. பம்பின் மோட்டாரைக் குளிர்விப்பதும் அதற்கு உயவு தருவதும் பெட்ரோல்தான். டேங்க் வறண்டு காற்றை இழுக்கும்போது தேய்மானம் விரைகிறது. கால் டேங்குக்குக் கீழே இறங்கும் முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னுடையது டீசல் கார். இந்தச் சோதனைகளை நானும் செய்யலாமா?

பதில்: ஃபியூஸ், ரிலே, கனெக்டர் ஆகியவற்றைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் தரும் காமன் ரெயில் இன்ஜினின் உயரழுத்தக் குழாயில் ஓடும் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேல் செல்லக்கூடியது. அதிலிருந்து மயிரிழையாகப் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுந்துவிடும். வெளியில் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் அது உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம். பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் நேரடி இன்ஜெக்ஷன் பெட்ரோல் கார்களின் உயரழுத்தப் பகுதியையும் அதே காரணத்தால் வீட்டில் தொடக் கூடாது.