கேட்டது நீங்கள்: இரும்பாலை ஊர்ப் பந்துக்காரர்கள்

கேள்வி: அமெரிக்காவில், பிட்ஸ்பர்க்கில் மகன் வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் தினமும் வாசலில் உட்கார்ந்து, எப்போதோ பள்ளிக்கூடத்தில் ஃபுட்பால் ஆடிய பையன்களைப் பற்றியே பேசுகிறார். ஒன்றும் புரியாமல் தலையாட்டிவிட்டு வருகிறேன். யார் இவர்களெல்லாம்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை)

பதில்: முதலில், அவர் சொல்வது நம்மூர் கால்பந்து இல்லை ஐயா. இரண்டு முனையும் கூர்மையான பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையில் ஹெல்மெட்டும் தோளில் கவசமுமாக முட்டி மோதி ஓடுகிற ஆட்டம். இலையுதிர் காலத்தில் வெள்ளிக்கிழமை ராத்திரி பள்ளி மைதானத்தில் விளக்குப் போட்டு ஆடுவார்கள். அந்தப் பள்ளியில் பிள்ளை படிக்காத வீட்டுக்காரர்களும் போய் உட்கார்ந்திருப்பார்கள்.

நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து ஓஹியோ ஆற்றோடு போனால் அலிக்விப்பா என்று ஓர் ஊர் வரும். ஆற்றங்கரையில் ஜோன்ஸ் அண்ட் லாஃப்லின் இரும்பாலை மைல் கணக்கில் நீண்டு கிடந்த ஊர். 1930ல் அங்கே 27,000 பேர் இருந்தார்கள், இப்போது 9,000 சொச்சம்தான். இந்தச் சின்ன ஊர்ப் பள்ளியிலிருந்து மட்டும் மூன்று பேர் அமெரிக்க ஃபுட்பாலின் 'ஹால் ஆஃப் ஃபேம்' என்ற புகழ்பெற்றோர் பட்டியலில் இருக்கிறார்கள்: மைக் டிட்கா, டை லா, டரெல் ரெவிஸ்.

டிட்காவைப் பற்றி அங்கே ஒரு கதை சொல்வார்கள். பள்ளி அணியில் சேர்ந்தபோது ஆள் நோஞ்சான், பயிற்சியில் பெரிய பையன்களிடம் அடிவாங்கிக்கொண்டே இருந்தானாம். இவன் எலும்பை முறித்துக்கொள்ளப் போகிறான் என்று பயந்த பயிற்சியாளர் கார்ல் ஆஷ்மன், மைதானத்தை விட்டு வெளியேற்றி, கழிப்பறையைக் கழுவு போ என்று அனுப்பிவிட்டாராம். அந்தப் பையன்தான் பின்னால் சிகாகோ பேர்ஸ் அணியில் ஆடி, அதே அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகி, 1986 ஜனவரியில் சூப்பர் பவுல், அதாவது தொழில்முறை ஃபுட்பாலின் இறுதிப் போட்டிக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அந்த ஊர் மைதானத்துக்கு இன்றைக்கும் ஆஷ்மன் பெயர்தான். ஊர்க்காரர்கள் 'பிட்', அதாவது குழி, என்பார்கள்.

ரெவிஸ் 2003 மாநில இறுதிப் போட்டியில் தனி ஆளாக ஐந்து டச்டவுன் (பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டுவது, நம்மூர் கோல் மாதிரி) போட்டவர். பக்கத்து வீட்டுப் பெரியவர் அதையும் சொல்லியிருப்பார், நீங்கள்தான் தலையாட்டிவிட்டீர்கள்!

கேள்வி: ஒரே வட்டாரத்தில் இத்தனை பேர் எப்படி? தண்ணீரில் ஏதாவது இருக்கிறதா?
(வாசகி, கோவை)

பதில்: காற்றில் இருந்தது, புகை.

டோனி டோர்செட் என்று ஒருவர், அலிக்விப்பாவை ஒட்டிய ஹோப்வெல் பள்ளிக்காரர். 1976ல் கல்லூரி ஃபுட்பாலின் பெரிய விருதான ஹைஸ்மன் வாங்கி, டல்லாஸ் கவ்பாய்ஸ் அணிக்குப் போய், 1983 ஜனவரியில் ஒரே ஓட்டத்தில் 99 கெஜம் ஓடினார். அந்த மாதிரி ஓட்டத்தில் அதற்கு மேல் ஓட இடமே கிடையாது. அவர் அப்பா அந்த இரும்பாலையில் வேலை பார்த்தவர். ஷிஃப்ட் முடிந்து கரி அப்பிய முகத்தோடு வந்தால் பிள்ளைக்கே அடையாளம் தெரியாதாம். இந்த ஆலைக்குள் மட்டும் வந்துவிடாதே, உள்ளே போகிறவன் கை காலோடு திரும்புவான் என்று நிச்சயமில்லை என்று பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார். நிலக்கரிச் சுரங்கம், இரும்பாலை, இரண்டும் வேண்டாம் என்றால் கல்லூரி. கல்லூரிக்குப் பணம் இல்லையென்றால் ஃபுட்பால் உதவித்தொகை. வேறு நாட்டுக் குடியேறிகளின் பிள்ளைகளும் தெற்கிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பத்துப் பிள்ளைகளும் ஒரே மைதானத்தில் மோதி வளர்ந்தார்கள்.

1980களில் ஆலை மூடி, ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போனது. ஃபுட்பால் மட்டும் நிலைத்து நின்றது. டை லாவும் ரெவிஸும் அதற்கப்புறம் வந்தவர்கள்தானே.

பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குகளைக் கேட்டால் இன்னும் ஆச்சரியம். பீவர் ஃபால்ஸ் ஜோ நேமத், மொனாங்கஹீலா ஜோ மாண்டானா, பிட்ஸ்பர்க்கின் டான் மரீனோவும் ஜானி யுனைட்டஸும், ஈஸ்ட் பிரேடி ஜிம் கெல்லி, யங்வுட் ஜார்ஜ் பிளாண்டா, எல்லாம் பிட்ஸ்பர்க் இருக்கிற இந்த மேற்குப் பென்சில்வேனியாதான். 1985 சூப்பர் பவுலில் மாண்டானாவும் மரீனோவும் எதிரெதிரே நின்றார்கள். மாண்டானாவின் அணி 38-16 என்று ஜெயித்தது. அன்றைக்கு இந்த வட்டாரம் யாருக்குக் கைதட்டியிருக்கும் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அப்புறம், பிட்ஸ்பர்க்கை ஒட்டிய பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரா கோயிலுக்கு நம் ஆட்கள் 1970களிலிருந்து போய் வருகிறார்களே, அதே பென் ஹில்ஸ் பள்ளிக்காரர்தான் ஆரன் டொனால்ட். சிறுவனாக இருந்தபோதே அப்பா விடியற்காலை நாலரைக்கு எழுப்பி, வீட்டு அடித்தளத்தில் எடை தூக்க வைத்திருக்கிறார். தடுப்பாட்டக்காரர்களில் ஆண்டின் சிறந்தவர் என்ற விருதை மூன்று முறை வாங்கிவிட்டு 2024ல் ஓய்வு பெற்றார். பெருமாளுக்கும் சுப்ரபாத நேரம் அதுதான்.

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். ஒன்பதாவது படிக்கும் மகன் பள்ளி ஃபுட்பால் அணியில் சேரத் துடிக்கிறான். அவன் அப்பா சரி என்கிறார், எனக்குப் பயம். விடலாமா?
(ஒரு தாய்)

பதில்: கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் அம்மா. அமெரிக்காவில் ஏறக்குறைய பத்து லட்சம் பையன்கள் பள்ளியில் இந்த ஆட்டம் ஆடுகிறார்கள். கல்லூரி அணிகளுக்குப் போவது நூற்றுக்கு ஏழு பேர். அந்த ஏழிலும் காசு வாங்கி ஆடும் நிலைக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. அதனால் பிழைப்புக்காக என்றால் வேண்டாம். ஆசைக்காக என்றால், மேலே சொன்ன அந்த 99 கெஜக்காரர் டோர்செட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: 2013ல், ஐம்பத்தொன்பது வயதில், நினைவு தப்புகிறது, மகளைக் கூட்டிப்போகும் வழியே மறந்துவிடுகிறது என்று அவரே சொன்னார். தலையில் பட்ட அடிகள்தான் காரணம் என்று மருத்துவர்கள் சந்தேகப்பட்டார்கள்.

என் மகனாக இருந்தால் ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்புவேன். அவன் என்னோடு ஒரு வாரம் பேசமாட்டான், பரவாயில்லை.

கேள்வி: இவர்களில் உங்களுக்குப் பிடித்தவர்?
(கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: யுனைட்டஸ், யோசிக்கவே வேண்டாம். பெரிய கல்லூரிகள் உடம்பு போதாது என்று கழித்துக்கட்டிய பையன். 1955ல் சொந்த ஊர் அணியான பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் எடுத்துக்கொண்டது, ஆனால் பயிற்சி ஆட்டங்களில்கூட ஒரு பந்து எறிய விடாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கட்டட வேலைக்குப் போனார். கூடவே உள்ளூர்க் குழு ஒன்றில் ஆட்டத்துக்கு ஆறு டாலருக்கு ஆடினார். அடுத்த வருடம் பால்டிமோர் கோல்ட்ஸ் கூப்பிட்டது, 1958, 1959 இரண்டு வருடமும் அவர் அணிதான் சாம்பியன்.

முதல் கேள்வி கேட்ட மதுரை ஐயாவுக்கு ஒரு வார்த்தை: பக்கத்து வீட்டுக்காரரிடம் யுனைட்டஸைப் பற்றிக் கேளுங்கள். ஆனால் அவரை அனுப்பியது எந்த அணி என்று மட்டும் நீங்களாக எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப முடியாது.