வாசகர் கேள்விகள்: சாப்பிடப் போவதும் ஆதரவுதானா?

கேள்வி: ஐயா, அமெரிக்காவில் ஓர் உணவகத்தை அரசியல் வதந்தி சூழ்ந்தபோது, வாடிக்கையாளர்கள் திரண்டு வந்து சாப்பிட்டு அதற்கு ஆதரவு காட்டினார்கள் என்று படித்தேன். ஒருவேளைச் சாப்பாட்டால் அந்தக் கடைக்கு என்ன நன்மை விளைந்துவிடும்? இது வெறும் ஆரவாரம்தானே?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: தாங்கள் படித்தது வாஷிங்டன் நகரின் கனெக்டிகட் அவென்யூவில் உள்ள காமெட் பிங் பாங் என்ற பீட்சாக் கடையைப் பற்றியதாக இருக்க வேண்டும். அதை ஆரவாரம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

உள்ளே டேபிள் டென்னிஸ் மேசைகள் போடப்பட்டு, அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் பிள்ளைகளோடு வந்து போகிற கடை அது. 2016 அதிபர் தேர்தலுக்கு முந்தைய மாதம், ஹிலாரி கிளின்டனின் பிரசாரக் குழுத் தலைவரான ஜான் பொடெஸ்டாவின் மின்னஞ்சல்களை, ரகசிய ஆவணங்களை அம்பலப்படுத்தும் விக்கிலீக்ஸ் இணையதளம் வெளியிட்டது. அவற்றில் கடையின் உரிமையாளர் ஜேம்ஸ் அலெஃபான்டிஸின் பெயரும் இடம்பெற்றிருந்தது. அதையும், மின்னஞ்சல்களில் பீட்சாவைப் பற்றி வந்த சாதாரணப் பேச்சையும் பிடித்துக்கொண்டு, கடையின் நிலவறையில் குழந்தைகள் அடைத்து வைக்கப்பட்டிருப்பதாக ஒரு கொடிய கதையைச் சிலர் கட்டிவிட்டார்கள். அந்தக் கடைக்கு நிலவறையே கிடையாது. ஆனாலும் கொலை மிரட்டல்கள் குவிந்தன. சுமார் 40 ஊழியர்களும் அவர்களுடைய வீட்டாரும் அச்சத்தில் வாழ நேர்ந்தது. அதே வரிசையில் இருந்த புத்தகக் கடையைக்கூட மிரட்டல்காரர்கள் விட்டுவைக்கவில்லை. டிசம்பர் 4 ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், வட கரோலினாவிலிருந்து தானே காரோட்டி வந்த ஒருவர், குழந்தைகளை மீட்பதாக எண்ணிக்கொண்டு துப்பாக்கியோடு உள்ளே நுழைந்து சுட்டார். தெய்வாதீனமாக யாருக்கும் காயமில்லை. தேடிப் பார்த்துக் குழந்தைகள் எவரும் இல்லை என்று கண்டதும் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து காவலர்களிடம் சரணடைந்தார். 2017இல் அவருக்கு 4 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

கடை இரண்டே நாளில் மீண்டும் திறந்தது. வாசலில் பூங்கொத்துகளும் கைப்பட எழுதிய கடிதங்களும் சேர்ந்தன. உள்ளே மேசைகள் நிரம்பின. அந்த வார இறுதியிலும் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். சாப்பாட்டால் என்ன நன்மை என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்க உணவகங்களில் பரிமாறுபவருக்கு முதலாளி கையிலிருந்து கிடைக்கும் கூலி பெரும்பாலும் மிகக் குறைவு. வாடிக்கையாளர் வைக்கும் டிப்ஸை நம்பித்தான் அவருடைய வீட்டு வாடகையே இருக்கிறது. ஆகவே அச்சத்தால் மேசைகள் காலியாகிவிட்டால், வதந்தியின் முதல் அடி விழுவது உரிமையாளர் மீதல்ல, தட்டு ஏந்தி நிற்பவர் மீதுதான். சில நாள்களுக்கு முன் துப்பாக்கி வெடித்த ஓர் இடத்துக்குத் தன் பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார்ந்த ஒரு தாய், அங்கே மீண்டும் வேலைக்கு வரத் துணிந்த ஊழியருக்கு எவ்வளவு பெரிய தெம்பைக் கொடுத்திருப்பார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். எந்த அறிக்கையாலும் அதைக் கொடுத்திருக்க முடியாது. அந்தப் புரளியைப் பரப்பியவர்களுள் ஒருவரான அலெக்ஸ் ஜோன்ஸ் 2017 மார்ச்சில்தான் அலெஃபான்டிஸிடம் மன்னிப்புக் கேட்டார். அதுவரை கடையைத் தாங்கி நின்றவர்கள் அக்கம்பக்கத்தார்.

கேள்வி: அப்படியானால், ஒரே பாலினத்தவர் திருமணம் செய்துகொள்வதை எதிர்த்துப் பேசிய சிக்-ஃபில்-ஏ என்ற அமெரிக்கத் துரித உணவு நிறுவனத்தின் கடைகளில் மக்கள் வரிசையில் நின்றதையும் தாங்கள் போற்றுவீர்களா? அதுவும் இதுவும் ஒன்றுதானே?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: ஒன்றல்ல, அம்மா. காமெட் எதையும் சொல்லவில்லை. அதன் மீது பொய் சுமத்தப்பட்டது. சிக்-ஃபில்-ஏ நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த டான் கேத்தி 2012இல் தம் கருத்தைத் தாமே வெளிப்படையாகச் சொன்னார்; நிறுவனத்தின் அறக்கட்டளைப் பணமும் அத்தகைய திருமணத்தை எதிர்த்த அமைப்புகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைக் கண்டித்துப் புறக்கணிக்கும்படி அழைத்தவர்களுக்கு அதற்கு முழு உரிமை உண்டு, அவர்களுடைய வருத்தம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். ஆர்கன்சாஸின் முன்னாள் ஆளுநர் மைக் ஹக்கபி, அந்தக் கடைகளில் சாப்பிட்டு ஆதரவு காட்டும்படி விடுத்த அழைப்பை ஏற்று, ஆகஸ்ட் 1 அன்று பெருங்கூட்டம் கூடியது. விற்பனையில் அது சாதனை நாள் என்று நிறுவனம் அறிவித்ததே தவிர, தொகையை வெளியிடவில்லை. இரண்டு நாள் கழித்து எதிர்த்தரப்பினர் அதே கடைகளின் முன் முத்தப் போராட்டம் நடத்தினார்கள்.

ஆனால் இதில் ஒரு விஷயத்தை விட்டுவிடக் கூடாது. பாஸ்டன் மேயர் தாமஸ் மெனினோவும், சிகாகோ நகர மன்ற உறுப்பினர் ஒருவரும், அந்தக் கடையைத் தங்கள் ஊருக்குள் வரவிட மாட்டோம் என்ற தோரணையில் பேசினார்கள். உரிமம் வழங்கும் அதிகாரம் உள்ளவர் கருத்துக்காக ஒரு கடையைத் தடுக்கப் புறப்பட்டால், அந்தக் கருத்தை வெறுப்பவர்களும் தடுப்பவரைத்தான் எதிர்க்க வேண்டும்; தடுக்கும் அதிகாரம் தமக்கில்லை என்று பிறகு மெனினோவே ஒப்புக்கொண்டார். வரிசையில் நின்றவர்களில் இதற்காக வந்தவர்களும் இருந்தார்கள், திருமண உரிமையை மறுப்பதற்காகவே வந்தவர்களும் இருந்தார்கள். முன்னவர்களை மதிக்கிறேன். எனினும், அன்று கல்லாவுக்குப் பின்னால் நின்று கோழி சாண்ட்விச் எடுத்துக் கொடுத்த ஊழியர்களில் தன்பாலின ஈர்ப்பு உள்ளவர்களும் இருந்தார்கள். தங்களை மறுக்கும் கூட்டத்துக்குச் சிரித்த முகத்தோடு பரிமாற வேண்டியிருந்த அவர்களை யாரும் ஆதரித்ததாக நான் கருதவில்லை.

கேள்வி: அரசாங்கமே எதிராக நிற்கும்போது வாடிக்கையாளரால் ஒரு கடையைக் காப்பாற்ற முடியுமா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: ஓரளவுக்கு முடியும். 2019இல் நடந்த ஜனநாயக ஆதரவுப் போராட்டத்தின்போது ஹாங்காங்கில் போராட்டக்காரர்களை ஆதரித்த உணவகங்களை மக்கள் ‘மஞ்சள்’ என்றும், அரசை ஆதரித்தவற்றை ‘நீலம்’ என்றும் பிரித்து, மஞ்சள் கடைகளைத் தேடிச் சென்று சாப்பிட்டார்கள். அவற்றின் சுவர்களில் வாடிக்கையாளர்கள் போராட்ட ஆதரவு வாசகங்களை எழுதி ஒட்டிய வண்ணத் துண்டுச்சீட்டுகள் நிறைந்திருந்தன. 2020 ஜூன் 30 அன்று சீன அரசு கொண்டுவந்த தேசியப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தவுடன், வழக்குக்கு அஞ்சிப் பல கடைகள் அவற்றைக் கிழித்தெடுத்தன. ஆகஸ்டில் ஜனநாயக ஆதரவாளரான பத்திரிகை அதிபர் ஜிம்மி லாயும் அவருடைய மகன்களும் கைதானபோது, மகன் ஒருவர் நடத்திய உணவகத்தின் முன் வரிசை நீண்டது. அந்த வரிசையால் அன்றைய கல்லா நிரம்பியது, ஊழியர்களுக்குத் துணிவும் வந்திருக்கும். கைது நடவடிக்கைகளை அதனால் நிறுத்த முடியவில்லை. லாயின் ‘ஆப்பிள் டெய்லி’ நாளிதழை மக்கள் கட்டுக்கட்டாக வாங்கி ஆதரித்தும், 2021 ஜூனில் அது மூடப்பட்டது.