மார்க்கெட் டிரேட்டனும் ஆற்காட்டுக் கஞ்சியும்

ஐயா,
மகள் பர்மிங்ஹாமில் இருக்கிறாள். அடுத்த மாதம் போகிறேன். ஷ்ராப்ஷயரில் மார்க்கெட் டிரேட்டன் என்ற சிற்றூருக்கு ஒருநாள் போய்வரலாம் என்கிறாள். பார்க்க என்ன இருக்கிறது? எங்கள் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்த ராபர்ட் கிளைவ் படித்த ஊராமே. ஆற்காட்டுக்காரனான நான் அங்கே போகலாமா?
– ஒரு வாசகர், ஆற்காடு

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாகப் போங்கள். புதன்கிழமை போங்கள், 1245-இல் மூன்றாம் ஹென்றி உரிமை கொடுத்ததிலிருந்து அன்றுதான் சந்தை. 1651-இல் பெருந்தீயில் ஊரின் பெரும்பகுதி எரிந்துபோனது. அதற்குப் பின் எழும்பிய மரச்சட்ட வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. ஜிஞ்சர்பிரெட் என்கிற இஞ்சி பிஸ்கட்டுக்குப் பேர்போன ஊர்; போர்ட் ஒயினில் தோய்த்துத் தின்பார்கள். கால்வாயும் உண்டு, பார்க்காவிட்டாலும் குற்றமில்லை.

செயின்ட் மேரீஸ் தேவாலயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதன் கோபுரத்தில் ஏறி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கல் பூதத்தின் மேல் சிறுவன் கிளைவ் உட்கார்ந்தான் என்பார்கள். பையன்களைச் சேர்த்துக்கொண்டு, ஜன்னலை உடைக்காமலிருக்கக் கடைக்காரர்களிடம் மாமூல் வாங்கினான் என்றும் ஒரு கதை.

சரி, "ஆற்காட்டுக்காரன் போகலாமா" என்று கேட்டீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம். அவன் ஊரைப் பற்றி இவ்வளவு யோசிக்கிறீர்கள். பாலாற்றங்கரையில் உங்கள் ஊர்க் கோட்டையின் மிச்சமான டெல்லி கேட்டுக்குக் கடைசியாக எப்போது போனீர்கள்?

எங்கள் வரலாற்று வாத்தியார் நல்ல மனுஷர். கிளைவின் படையை ஆற்காட்டுக் கோட்டைக்குள் எதிரிகள் வளைத்துக்கொண்ட 1751 முற்றுகையைச் சொல்லும்போது கண்கலங்குவார். அரிசி தீரப்போகிற நேரம். "சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுங்கள், எங்களுக்கு வடித்த கஞ்சி போதும்" என்றார்களாம் சிப்பாய்கள். வகுப்பே உருகும். இந்தக் கதையை உலகமறியச் செய்தது ஆங்கில வரலாற்றாசிரியர் மெக்காலே 1840-இல் எழுதிய கட்டுரை, முற்றுகை முடிந்து 89 வருஷம் கழித்து! சென்னையிலிருந்து கிளைவோடு கிளம்பியவர்கள் 200 வெள்ளையர், 300 சிப்பாய்கள். அந்த முந்நூறு பேரில் ஒருவன் பெயரைக்கூட எங்கள் பாடப்புத்தகம் சொல்லவில்லை. பட்டினி கிடப்பவன் சோற்றை விட்டுக்கொடுத்தானென்றால் அது அவனாகச் சொன்னதா, அதிகாரி சொல்லவைத்ததா? எழுந்து கேட்டேன். பெஞ்சு மேல் நிற்கச் சொல்லிவிட்டார். கேள்வி இன்றுவரை நின்றுகொண்டேதான் இருக்கிறது. விசுவாசம் என்று ஒரு வார்த்தை போட்டு எத்தனை பேருடைய பசியை மூடிவைத்திருக்கிறோம்!

அப்புறம், ஊருக்கு மேற்கே சில மைலில் மோர்ட்டன் சே தேவாலயம். 1774-இல் இறந்த கிளைவ் அங்கேதான் அடையாளமில்லாத குழியில் கிடக்கிறான். உள்ளே ஒரு பலகையில் 'இந்தியாவில் முதல்வன்' என்று லத்தீனில் இருக்கிறது. அதன் முன்னால் நின்று என்ன தோன்றியது என்று எழுதுங்கள். வெறும் செல்ஃபி அனுப்பினால் பதில் வராது.